குடையைக் கண்டு குரைக்கும் குட்டி



சென்ற இதழில், ஊர் மாறி வரும் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பதற்கு வேண்டிய சான்றிதழ்களைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். இம்மாதம் எழுதப் புகுவது அதைக் காட்டிலும் சிறிய விஷயம். ஆனால் அச்சிறிய விஷயந்தான் என் குடும்பத்தை ஒரு மாத காலம் உறங்கவொட்டாமற் செய்தது. குடியிருக்கும் வீட்டையே காலி செய்ய வேண்டிய நிலைக்கும் கொண்டுவந்து விட்டது. நாய்க்குட்டி ஒன்று வீட்டிலுள்ள பொருள்களைக் கண்டு ஓயாது குரைப்பதும், அதனை எவ்வாறு நிறுத்துவது என்பதுமே அவ்விஷயம். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாவரும் சிரித்தனர். சிரித்தவர்களுள் இருவர் பின்னர்த் தனியே வந்து, "எங்கள் வீட்டிலும் இதே கதைதான்; நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று வினவினர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறேன்.

எனக்கு மதுரையிலிருந்து இவ்வூருக்கு மாற்றல் கிடைத்தது சென்ற ஆண்டு மே மாதத்தில். கலூரில், புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு எட்டாத தொலைவில் அல்லாத ஒரு தெருவில், மாடியில் வீட்டுக்காரரும் கீழே நாங்களுமாகக் குடியமர்ந்தோம். என் அன்னையார், மனைவி, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள், நான் ஆகிய நால்வர். ஊர் மாறியதில் மற்ற மூவரும் ஒருவாறு தேறிவிட்டோம். மகள் மட்டும் தேறவில்லை. பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடப்பினும், விளையாட்டும் சண்டையும் சமாதானமும் மலையாளத்தில் அல்லவா நடக்கின்றன? மூன்று மாதங்களாகியும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். வீட்டிலும் அவளுடைய பேச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

இந்நிலையில், பார்சல் ஆபீஸில் என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர், தம் வீட்டு நாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்றைத் தருவதாகக் கூறினார். குழந்தைக்குத் துணையாகட்டும் என்று அக்டோபர் முதல் வாரத்தில் அதனைக் கொண்டுவந்தேன். செம்மண் நிறத்து நாட்டு நாய்க்குட்டி. பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. எட்டு வாரம் வரையிலும் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விட்டு வைத்திருக்க வேண்டும் என்பதை அப்பொழுது நான் அறியேன். முதற்பிழை என்னுடையதே.

குட்டிக்கு மணி என்று பெயரிட்டோம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் நாய் என்று ஒன்று இருந்தால் அதன் பெயர் மணியாகத்தான் இருக்கும். என் அன்னையார் பிறந்த ஊர் கோவில்பட்டி. அதைச் சொன்னதும் மாடி வீட்டுப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பதை அன்னையார் அன்றுதான் அறிந்தார். "பரவாயில்லை, என் ஊரோட பேரையும் சேத்து வச்சுக்கட்டும்" என்று குட்டியின் தலையைத் தடவினார்.

குரைப்பு தொடங்கியது

வந்த மூன்றாம் நாள் காலை, என் மனைவி துடைப்பத்தை எடுத்தாள். அவ்வளவுதான். மூலையிற் படுத்திருந்த மணி துள்ளியெழுந்து குரைக்கத் தொடங்கியது. துடைப்பத்தைக் கீழே வைத்தால் சற்று ஓய்ந்தது. எடுத்தால் மீண்டும் குரைத்தது. மறுநாள் குக்கர் விசிலடித்தபோது, இவ்வளவு சிறிய உடலுக்குள் இவ்வளவு பெரிய குரல் எங்கிருந்து வந்தது என்று யாவரும் வியந்தோம். பிறகு மிக்சி, பிறகு ஆணியில் தொங்கும் என் மழைக்கோட்டு, பிறகு நிலைக்கண்ணாடி என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று.

எல்லாவற்றையும் மிஞ்சியது குடை. அக்டோபர் மாதத்தில் இங்கே துலாவர்ஷம் பெய்யுமன்றோ? மாலை தோறும் இடியும் மழையுமாக இருக்கும். நனைந்த குடைகளை விரித்தபடியே வராந்தாவில் காய வைப்போம். காற்று வீசும்போது குடை தானே சற்று நகரும். உடனே மணி ஆகாயம் இடியும்படி குரைக்கும். குடை நின்றால் உறுமும். மீண்டும் அசைந்தால் மீண்டும் குரைக்கும். அலுவலகத்திலிருந்து அலுத்து வந்து படுத்தால் இதே பாடு.

மாடியில் வீட்டுக்காரரின் தாயார் கண் அறுவை செய்துகொண்டு ஓய்வில் இருந்தார். மகன் ஒரு போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் பொறுத்த வீட்டுக்காரர், ஒருநாள் மாலை வராந்தாவில் வந்து நின்றார். அவர் கோபிக்கவில்லை, அதுவே எனக்குக் கூடுதல் வெட்கத்தைத் தந்தது. "நமுக்கு ஒரு மாசம் கூடி நோக்காம்" என்றார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்பது சொல்லின் பொருள். அதன் பிறகு நாயா, வீடா என்று தீர்மானிக்க வேண்டும் என்பது சொல்லாமல் விட்ட பொருள். கலூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அச்சொல்லின் பாரம் தெரியும்.

அறிவுரைகளுக்குக் குறைவில்லை. செய்தித்தாளைச் சுருட்டி ஒரு தட்டுத் தட்டு என்றார் ஒருவர். முகத்தில் தண்ணீர் தெளி என்றார் மற்றொருவர். மிக்சிக்குப் பக்கத்திலேயே கட்டிப் போட்டால் ஒரே நாளில் பழகிவிடும் என்றார் இன்னொருவர். சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு, எவராவது சோறு போடுவர் என்றவரும் உண்டு. வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிப் பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், தெருவில் ஏற்கெனவே உள்ள நாய்களின் நடுவே இரண்டு மாதக் குட்டி எத்தனை நாள் பிழைக்கும்?

"கோவில்பட்டிக்கு அனுப்பிடலாங்க" என்றாள் மனைவி. அதன் வழி எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்லீப்பரிலும் இரண்டாம் வகுப்பிலும் நாயை உடன் கொண்டு செல்ல விதி இடந்தராது. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் பதிவு செய்து அழைத்துச் செல்லலாம். அது நம் போன்றோர்க்கு எட்டாது. எஞ்சிய வழி, பார்சல் ஆபீஸில் பதிவு செய்து, கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் அனுப்புவது. 2022 முதல் கார்டுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறியிருப்பினும் அவ்விரும்புப் பெட்டி மாறவில்லை. தள்ளுவண்டியின் ஓசைக்கே உள்ளே சுருண்டு நடுங்கும் நாய்களை நான் நாள்தோறும் காண்கிறேன். குக்கர் விசிலுக்கு அஞ்சும் குட்டியை அதனுள் வைத்து, இரவெல்லாம் எஞ்சினின் ஊதலைக் கேட்கச் செய்வதா? மனம் ஒப்பவில்லை.

அன்றிரவு மணி துடைப்பத்தைப் பார்த்துக் குரைத்தபோது நான் பொறுமையிழந்து, "சீ, சும்மா இரு! என்ன திமிர் உனக்கு?" என்று அதட்டினேன். குட்டி கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. என் மகள் கட்டிலுக்கடியிற் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா, அது திமிர்ல கொரைக்கலப்பா. பயத்துல கொரைக்குது. வாலைப் பாருங்க" என்றாள். சற்று நேரங்கழித்து, "அதுக்கு இங்க ஒண்ணுமே தெரியாதுல்ல?" என்றும் சொன்னாள்.

நானும் குனிந்து பார்த்தேன். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. காதுகள் பின்னோக்கிப் படிந்திருந்தன. இத்தனை நாளும் குரலைக் கேட்டேனேயன்றி நாயைப் பார்க்கவில்லை.

காரணம் யாது?

மறுநாள் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். மருத்துவர் காதையும் பல்லையும் சோதித்து, நோய் ஒன்றுமில்லை, இது அச்சத்தாற் பிறந்த குரைப்பு என்றார். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கூறியதையும் நான் பின்னர்ப் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் மணி செய்ததையே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆங்கில நாய் செய்திருக்கிறது. அதன் எஜமானர் சாமானியர் அல்லர்; சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர். மனிதனின் தோற்றத்தைப் பற்றி அவர் 1871-ல் வெளியிட்ட நூலில் அச்செய்தியைக் குறித்திருக்கிறார். வெப்பமான ஒரு நாளில் அவருடைய நாய் புல்வெளியிற் படுத்திருந்தது. அருகே விரித்து வைத்திருந்த வெயிற்குடை ஒன்று இளங்காற்றில் அவ்வப்போது சற்று அசைந்தது. அசையுந்தோறும் நாய் உறுமிக் குரைத்தது. குடைக்கு அருகில் எவரேனும் நின்றிருந்தால் நாய் அதனைப் பொருட்படுத்தியே இராது என்கிறார் டார்வின். காரணமின்றி ஒரு பொருள் அசைந்தால் கண்ணுக்குத் தெரியாத அந்நியர் எவரோ அங்கே இருக்கின்றனர் என்று நாய் தன்னை அறியாமலே கருதியிருக்கலாம் என்பது அவர் முடிபு. அதுவோ வளர்ந்த, அறிவுள்ள நாய். இரண்டு மாதக் குட்டியை நாம் கோபிப்பது நியாயமா?

குக்கருக்கும் மிக்சிக்கும் காரணம் வேறு. மனிதனின் செவி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். நாயின் செவி 45,000 வரையிலும் கேட்கும். ஆகவே நமக்குச் சோறு வெந்ததை அறிவிக்கும் விசில், அதற்குக் காதைத் துளைக்கும் கூக்குரலாக இருக்கக்கூடும்.

வயதும் ஒரு காரணம். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1965-ல் நூலாக வெளியிட்டனர். குட்டியின் வாழ்க்கையில் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலம் மிக முக்கியமானது என்று அவர்கள் கண்டனர். அக்காலத்தில் கண்டு பழகியவற்றை அது தன் உலகமாக ஏற்றுக்கொள்ளும். அதன் பின்னர்ப் புதியவற்றை ஏற்பது கடினமாகிக்கொண்டே போகும். மணிக்கு அப்போது ஒன்பது வாரம். எங்களுக்கு வீட்டுக்காரர் கொடுத்த தவணையும், குட்டிக்கு இயற்கை கொடுத்த தவணையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

பதிவேடு

மருத்துவர் முதலிற் சொன்னது, எதைக் கண்டு, எப்போது, எவ்வளவு தொலைவில் குரைக்கிறது என்று குறித்து வரும்படி. குமாஸ்தாவுக்கு இதைக் காட்டிலும் உவப்பான வேலை உண்டோ? பழைய நோட்டுப்புத்தகத்தில் நேரம், பொருள், எத்தனை அடி தூரம், எவ்வளவு நேரம் என்று கட்டம் கிழித்தேன். எழுதும் பொறுப்பை மகள் ஏற்றாள். முதல் வாரத்தில் மொத்தம் 61 முறை. துடைப்பம் 19, குக்கர் 14, குடை 11, மிக்சி 8, மழைக்கோட்டு 5, கண்ணாடி 4. நாள் முழுதும் குரைப்பதாக நாங்கள் எண்ணியிருந்தது தவறு என்பது விளங்கிற்று. காலை ஏழு முதல் எட்டு வரையிலும், மாலை ஆறு முதல் எட்டு வரையிலுமே பெரும்பாலும் குரைத்தது. பகலில் நன்கு உறங்காத நாட்களில் மாலைக் குரைப்பு மிகுந்திருந்தது. குட்டிகளுக்கு நாளின் பெரும்பகுதி உறக்கம் வேண்டும். உறக்கம் கெட்டால் கைக்குழந்தைபோலச் சிணுங்கும்.

செய்த முறை

பாவ்லாவ் என்னும் ரஷ்ய அறிஞரின் பெயரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். ஓர் ஓசையைக் கேட்பித்து உடனே உணவளித்து வந்தால், பின்னர் அவ்வோசையைக் கேட்ட மாத்திரத்திலே நாய்க்கு வாயூறும் என்று காட்டியவர் அவரே. இதே வழியில் அச்சத்தையும் மாற்றலாம் என்பதை மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1924-ல் வெளியிட்டார். முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு விருப்பமான தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் உண்ணும்போது கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முடிவில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். குழந்தைக்குப் பயன்பட்ட உபாயமே நாய்க்குட்டிக்கும் பயன்படுகிறது.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டால், நாங்கள் செய்தது இது. மணி பசியோடிருக்கும் வேளையில், துடைப்பத்தை அறையின் மறுகோடியில் அசையாமல் கிடத்தினோம். பன்னிரண்டு அடி தூரத்தில் மணி அதனைப் பார்க்கும், ஆனால் குரைக்காது. பார்த்தவுடன் விரல்நுனி அளவு வேக வைத்த கோழித்துண்டு ஒன்று. மீண்டும் பார்த்தால் மீண்டும் ஒன்று. மூன்று நிமிடத்தில் பாடம் முடிந்தது. துடைப்பமும் மறைந்தது, தின்பண்டமும் மறைந்தது. மறுநாள் பத்து அடி. பின்னர் எட்டு அடி. அருகே வந்த பிறகு மீண்டும் தொலைவுக்குச் சென்று, இம்முறை துடைப்பத்தை ஒரு சாண் மட்டும் அசைத்தோம். கடைசியிலேதான் பெருக்கினோம்.

இதிலே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பொருள் முன்னே வர வேண்டும், உணவு பின்னே வர வேண்டும். உணவை முதலிற் காட்டினால், உணவு கண்டாலே ஆபத்து வருகிறது என்று குட்டி கற்றுக்கொள்ளும். இரண்டாவது, குரைத்துவிட்டால் அடிக்கவும் கூடாது, அதட்டவும் கூடாது. நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். பேசாமல் இரண்டடி பின்வாங்க வேண்டும். அடித்தால் குரல் அடங்கலாம், அச்சம் அடங்காது. வாயடைக்கப்பட்ட அச்சம் பின்னர்ப் பல்லாக வெளிப்படும். மூன்றாவது, வேடிக்கைக்காகத் துடைப்பத்தால் துரத்துவதையும், குரைப்பதைக் கண்டு கைதட்டிச் சிரிப்பதையும் வீட்டார் யாவரும் விட்டுவிட வேண்டும்.

குக்கருக்கு வேறு வழி. விசிலோசையைக் கைபேசியிற் பதிவு செய்து, காதில் விழுமோ விழாதோ என்னும் அளவுக்குக் குறைத்து ஒலிக்கச் செய்து, உடனே தின்பண்டம் போட்டோம். நாளுக்கு நாள் ஒலியைச் சிறிது கூட்டினோம். அதுவரையிலும் சமையல் வேளையில் மகள் மணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். மிக்சிக்கும் இப்படியே. நிலைக்கண்ணாடிக்கு ஒரு மாதம் துணி போர்த்தினோம். மழைக்கோட்டைத் தரையிற் போட்டு, அதன்மேல் தின்பண்டத்தைச் சிதறினோம். மூன்றாம் நாள் மணி அதன்மேலேயே உறங்கிற்று.

குடைக்குத்தான் நெடுநாள் பிடித்தது. மடக்கிய குடை முதலில். பாதி விரித்தது அடுத்து. முழுதும் விரித்து அசையாமல் வைத்தது பிறகு. இறுதியில் மகள் குடையின் காம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மெல்ல அசைத்தாள். ஆள் இருப்பது தெரிந்தால் நாய் குடையைப் பொருட்படுத்தாது என்று டார்வின் எழுதியதே இங்கே எங்களுக்கு உதவிற்று.

எல்லாம் நேராகவே நடந்ததென்று எண்ண வேண்டாம். ஒன்பதாம் நாள், விருந்தினர் வருகிறார்கள் என்ற அவசரத்தில் என் அன்னையார் துடைப்பத்தை எடுத்து வீடு முழுவதையும் வீசிப் பெருக்கிவிட்டார். ஒரு வாரத்து உழைப்பு ஒரு நொடியிற் போயிற்று. மீண்டும் பன்னிரண்டு அடியிலிருந்து தொடங்கினோம். "நான் என்னடா கண்டேன், நாய்க்கு முன்னால தொடப்பத்த எடுக்க நாள் பாக்கணும்னு" என்று அவர் வருந்தினார். அதன் பிறகு மணி வாசலில் இருக்கும்போது மட்டுமே பெருக்கினார்.

எச்சரிக்கைகள்

தின்பண்டம் சிறிதாக இருக்கட்டும். அதற்கேற்ப உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். முள் நீக்கிய வேக வைத்த மீன், முட்டை, கோழி ஆகியவை உப்பும் மசாலையும் இன்றிக் கொடுக்கலாம். சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம் ஆகியன நாய்க்கு நஞ்சு. குழந்தைகளிடம் இதனைச் சொல்லி வையுங்கள்.

தடுப்பூசிகள் முடியும் வரையிலும் குட்டியைத் தெருவில் இறக்கி விடலாகாது. ஆயினும் கையில் தூக்கிக்கொண்டு உலகத்தைக் காட்டலாம். நாங்கள் மாலையில் ஸ்டேடியம் சாலை வரை தூக்கிச் சென்றோம். 2017 முதல் தலைக்கு மேலே ஓடும் மெட்ரோவையும், செவ்வாய்க்கிழமையில் அந்தோணியார் திருத்தலத்துக்கு வரும் கூட்டத்தையும் என் மகளின் தோளிலிருந்தே மணி பார்த்துப் பழகிற்று.

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்த் தடுப்பூசி கட்டாயம் போடுங்கள். கேரளத்தில் அதன் பிறகு உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமமும் பெற வேண்டும். விளையாட்டாகவே பல்லோ நகமோ பட்டாலும், அந்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நாயின் குரல் திடீரென்று கரகரத்துப் போதல், எச்சில் வடிதல், விழுங்க இயலாமை ஆகியன கண்டால் பழக்க முறை எதுவும் செய்யாதீர்கள். அதனைத் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள். வளர்ந்த நாய் ஒன்று புதிதாகக் குரைக்கத் தொடங்கினாலும், வலியோ கண் காது கோளாறோ உண்டா என்று பார்ப்பது நலம்.

அண்டை வீட்டாரிடம் மறைக்காமற் பேசுங்கள். இதனை நான் என் மகளிடமிருந்தே கற்றேன். பழக்கும் நேரத்தைக் குறிக்கும்போது அவள், "மாடி அண்ணன் எப்பப்பா தூங்குவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளே படியேறிச் சென்று கேட்டு வந்தாள். எம்மொழியிற் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. அன்று முதல் மாடி வீட்டு அம்மையார் கீழே வந்து வேடிக்கை பார்க்கலானார். மணி பின்வாங்கும்போதெல்லாம் "பேடிக்கேண்டா, பேடிக்கேண்டா" என்பார். அஞ்ச வேண்டாம் என்று பொருள். சில நாட்களில் என் மகளும் அதையே சொல்லத் தொடங்கினாள். நம் வீட்டு நாய்க்குத் தமிழும் மலையாளமும் இரண்டும் விளங்கும் என்று அவள் நம்புகிறாள்.

தவணை முடிந்த வாரத்தில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தோம். 61 என்பது 7 ஆகியிருந்தது. அவற்றுள் ஐந்து குடைக்கு உரியன. அந்நியர் கொண்டுவரும் கறுப்புக் குடையை மணி இன்னும் ஏற்கவில்லை. ஓரிரு முறை குரைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறது. நாய் குரைக்கவே கூடாது என்பது நம் நோக்கமும் அன்று. கதவருகே ஆள் வந்தால் சொல்லட்டும். துடைப்பத்துக்குச் சொல்ல வேண்டாம்.

டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை வீட்டுக்காரர் வராந்தாவில் வந்து நின்றார். என் நெஞ்சு படபடத்தது. "என்தா, பட்டி மிண்டுந்நில்லல்லோ?" என்றார். என்ன, நாய் பேசக் காணோமே என்று கேட்கிறார் எனப் புரிந்துகொண்டு, விடைக்கான மலையாளச் சொல்லை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, என் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, "அதின்டெ பேடி மாறி, அங்கிள்" என்றாள். அதன் பயம் தீர்ந்துவிட்டது என்றாள். அவர் சிரித்தார். வீட்டைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து ஆசிரியை மீண்டும் சொல்லியனுப்பினார். உங்கள் மகள் வகுப்பில் பக்கத்திலிருப்பவர்களோடு ஓயாமற் பேசுகிறாள், சற்றுக் கண்டித்து வையுங்கள் என்பது செய்தி.

நான் இன்னும் கண்டிக்கவில்லை.